அப்பாவின் டிரங்குப் பெட்டி: எடைக்குப் போடுவதா?

9 ஜூலை 2023, பாபநாசத்திலிருந்து ஒரு தங்கை கேட்டது

அப்பா மோட்டார் சைக்கிள் மெக்கானிக். 1960களில் தொடங்கி நாற்பது வருஷம் பட்டறை வைத்திருந்தார். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இரண்டு டிரங்குப் பெட்டியும் ஒரு சாக்கும் கொல்லைக் கொட்டகையில் கிடக்கின்றன, எல்லாம் பழைய வண்டிச் சாமான். "இரும்பு இரும்புதான், எடைக்குப் போட்டுடலாம்" என்கிறார் அண்ணன். எனக்கு மனசு வரவில்லை. ஆனால் எது என்ன சாமான் என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது அண்ணா? ஏதாவது விலை போகுமா?

9 ஜூலை, இரவு

போடாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம். இந்த வாரம் கடைக்காரர் தராசோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

1998இல் மன்னார்குடியில் எங்கள் சித்தப்பாவின் பட்டறையைக் காலி செய்தபோது மூன்று சாக்குச் சாமானை எடைக்குப் போட்டோம். 1,140 ரூபாய் கிடைத்தது. சாக்கைத் தராசில் தூக்கி வைத்தவன் நான். மூன்றாவது சாக்கில், வேட்டித் துணியில் சுற்றி, ஒரு லூகாஸ் மேக்டைனோ இருந்தது. பிளக்குக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டும், விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோவும் ஒன்றாகச் சேர்ந்த சாமான். 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த புல்லட்டுகளில் இருந்தது. அன்றைக்கு எனக்கு அதன் பெயரே தெரியாது. ஒரு கனமான உருண்டை, அவ்வளவுதான். அடுத்த வருஷமே திருச்சியிலிருந்து ஒருவர் அதைத் தேடிக்கொண்டு எங்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். சித்தப்பாவிடம் இருக்கும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மோர் கொடுத்து வெறுங்கையோடு அனுப்பினோம்.

துணியில் சுற்றி வைத்திருந்தாரே, மற்ற எதையும் அப்படி வைக்கவில்லையே என்று அன்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். உங்கள் பெட்டியில் துணியிலோ காகிதத்திலோ சுற்றியிருப்பதை முதலில் பாருங்கள். அப்பா எதை மதித்தார் என்பது அதிலேயே தெரியும்.

10 ஜூலை

காலையில் எழுதியிருந்தீர்கள்: "அம்மா எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வைக்கலாம் என்கிறார்."

வேண்டாம். அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஒரு அமால் கார்ப்பரேட்டர் இருந்தது. பித்தளை என்று நினைத்து அத்தை புளி போட்டுத் தேய்த்துவிட்டார். அதன் உடல் பித்தளை இல்லை, துத்தநாகக் கலவை. புளிப்பு பட்டதும் மேல் தோல் அரித்து, அதில் பதித்திருந்த எண் மங்கிவிட்டது. அந்த எண்தான் எந்த வண்டியின் கார்ப்பரேட்டர் என்று சொல்லும். குத்துவிளக்குக்குச் செய்வதைக் கார்ப்பரேட்டருக்குச் செய்யக் கூடாது.

வெயிலில் காயவைக்கவும் வேண்டாம். பழைய மேக்னெட்டின் உள்ளே செப்புக் கம்பிச் சுற்றின் மேல் அரக்குப் பூச்சு இருக்கும். நம் ஊர் வெயிலில், தகரத்தின் மேல் வைத்தால், அது இளகி ஒட்டிக்கொள்ளும்.

தூசியை உலர்ந்த துணியால் தட்டினால் போதும். பெட்டியில் எது எங்கே எப்படி இருக்கிறதோ அப்படியே முதலில் போட்டோ எடுங்கள், அப்புறம் கையை வையுங்கள். ஒரே டப்பாவில் சேர்ந்து இருப்பவை ஒரே வண்டியினுடையவையாக இருக்கலாம். சைஸ் பார்த்துப் பிரித்தால் அந்தச் சேதி போய்விடும். போன பிறகு யாராலும் மீட்க முடியாது.

12 ஜூலை

போட்டோ வந்தது. சாமானை விட எனக்கு அந்தக் காகிதம் பிடித்தது.

முதல் பெட்டியில் ஒரு பொட்டலத்தைச் சுற்றியிருந்த ரசீது. கடைப் பெயர் கிழிந்துவிட்டது. ஆனால் தொகை தெளிவாக இருக்கிறது: ரூ. 7-12-0. ஏழு ரூபாய் பன்னிரண்டு அணா. 1957 ஏப்ரல் 1 முதல் அணாக் கணக்கு போய் நயா பைசா வந்தது. ஆக இந்த ரசீது அதற்கு முந்தையது. நயா பைசா என்று எழுதியிருந்தால் 1957க்கும் 1964க்கும் நடுவில். வெறும் பைசா என்றால் அதற்குப் பிறகு. பொட்டலக் காகிதத்தை எறியாதீர்கள் என்று நான் கத்துவது இதற்குத்தான்.

அப்பா பட்டறை தொடங்கியதே 1960களில் என்றீர்கள். அப்படியானால் இந்தப் பொட்டலம் யாருடையது? அம்மாவிடம் கேளுங்கள்.

14 ஜூலை

பிஸ்டன் ஐந்து இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது, பிஸ்டனிலிருந்து தொடங்குவதுதான் எளிது. விட்டத்தை அளந்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

350 புல்லட்டுக்கு 70 மில்லிமீட்டர். ஜாவா, யெஸ்டி 250க்கு 65. யமஹா வடிவத்தில் இங்கே வந்த ராஜ்தூத் 350க்கு 64, அதுவும் இரண்டு சிலிண்டர் என்பதால் ஜோடியாகத்தான் பயன். பழைய ராஜ்தூத் 175க்கு 61. லாம்பிரெட்டா 150க்கு 57. இது போர் போடாத, அதாவது உள்ளே கடைந்து பெரிதாக்காத, சிலிண்டரின் அளவு. பிஸ்டன் இதைவிட ஒரு மயிரிழை குறைவாக இருக்கும். சிலிண்டர் தேய்ந்து போர் போட்டிருந்தால் அரை மில்லிமீட்டர், ஒன்று என்று கூடும். அதைப் பிஸ்டன் தலையிலேயே அடித்திருப்பார்கள். ஆங்கிலச் சாமான் என்றால் 20, 40 என்று இருக்கும், அங்குலத்தில் ஆயிரத்தில் அத்தனை பங்கு. 20 என்றால் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்.

65க்கும் 64க்கும் நடுவில் குழம்பினால் பயப்பட வேண்டாம், கஜூன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் ஊசி) துளையையும் உயரத்தையும் வைத்துப் பிரிக்கலாம். ஆனால் டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்பது கண்ணிலேயே தெரியும். ரிங் உட்காரும் பள்ளத்தில் குட்டி ஆணி ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் டூ ஸ்ட்ரோக். ரிங் சுழன்று அதன் முனை சிலிண்டர் சுவரில் உள்ள துளையில் (போர்ட்) மாட்டிவிடாமல் இருக்க அந்த ஆணி. புல்லட் பிஸ்டனில் அது இருக்காது.

உங்கள் பட்டியலில் கடைசிப் பிஸ்டன் "ஸ்கேலில் எட்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், நல்ல கனம்" என்று இருக்கிறது. இதைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. 82 மில்லிமீட்டர் என்றால் பிஎஸ்ஏ எம் 20. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் ஓட்டிய 500 சிசி வண்டி. சிலிண்டர் விட்டம் 82, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 94. அணா ரசீதோடு காலமும் பொருந்துகிறது. அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

17 ஜூலை

திருத்தம். 14ஆம் தேதி எம் 20 என்று எழுதியதை அடித்துவிடுங்கள்.

பக்கத்து லேத் பட்டறையில் வெர்னியர் (நுணுக்கமாக அளக்கும் கருவி) வைத்து அளந்து அனுப்பினீர்களே, சரியாக 80. போட்டோவில் தலைப்பக்கம் கிண்ணம் போலக் குழிந்திருக்கிறது. அது டீசல் எஞ்சின் பிஸ்டன். அந்தக் குழிவில்தான் டீசல் பீச்சி எரியும். 80 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டம், 110 ஸ்ட்ரோக் என்றால் கிர்லோஸ்கர் ஏவி 1. ஐந்து குதிரைத் திறன் பம்பு செட்டு எஞ்சின். நம் ஊரில் எத்தனை போர்வெல் கொட்டகையில் அது புகை கக்கியிருக்கிறது! சின்ன வயதில் எங்கள் வயல் தூக்கமே அதன் சத்தத்தில்தான்.

தப்பு என்னுடையது. டெல்டாவில் எந்த மெக்கானிக்கும் வண்டி மட்டும் பார்த்ததில்லை, குறுவைக்குத் தண்ணீர் இறைக்கும் நாளில் பம்பு செட்டுதான் முதலில். அதை நினைத்திருக்க வேண்டும். ஸ்கேல் அளவை நம்பியதும் தப்பு. இரண்டு மில்லிமீட்டரில் ஒரு போர்க்கால வண்டி நாற்றங்கால் எஞ்சினாகிவிட்டது. வெர்னியர் இல்லாமல் இனி நான் எதற்கும் பெயர் சொல்லப் போவதில்லை.

அந்தப் பிஸ்டனைக் கழித்துவிட வேண்டாம். அந்த எஞ்சின் வைத்திருப்பவர் உங்கள் ஊரிலேயே இருப்பார், கேட்டுப் பாருங்கள்.

18 ஜூலை

ஸ்பேனர் பற்றி மறந்துவிட்டேன். "எந்த நட்டுக்கும் சேராத ஸ்பேனர் ஆறு இருக்கிறது, எறியலாமா" என்று கேட்டிருந்தீர்கள்.

அதில் பின்ன எண்ணும் டபிள்யூ எழுத்தும் இருக்கிறதா? விட்வொர்த் என்ற பழைய ஆங்கில அளவு ஸ்பேனர். அதில் அடித்திருப்பது வாயின் அகலம் இல்லை, போல்ட்டின் கம்பி விட்டம். கால் அங்குலம் என்று போட்ட ஸ்பேனரின் வாய் 13.3 மில்லிமீட்டர் இருக்கும். அந்த நட்டில் இன்றைய 13ஆம் எண் ஸ்பேனர் நுழையாது, 14 வழுக்கும். அதனால்தான் இன்றைக்கு எதற்கும் சேரவில்லை. ஆங்கில வண்டிக்கு இது இல்லாமல் கை வைக்க முடியாது, நட்டின் மூலை உருண்டுவிடும்.

போல்ட்டுகளையும் இதே வழியில் பிரிக்கலாம். ஜாவா செக்கோஸ்லோவாக்கிய வடிவம், மில்லிமீட்டர் மரை. பழைய புல்லட்டில் ஆங்கில மரை, பெரும்பாலும் அங்குலத்துக்கு 26 என்று நெருக்கமாக ஓடும் சைக்கிள் மரை. மரை கேஜ் லேத் பட்டறையில் இருக்கும். டப்பாவில் இருக்கும் போல்ட் எல்லாம் 26 என்றால், அந்த டப்பாவில் ஜாவா சாமான் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

23 ஜூலை

இரண்டாவது பெட்டி முழுக்க ஜாவா. சந்தேகமே இல்லை. அந்த வளைந்த லீவர் ஒன்றே போதும்: கிக் அடிப்பதும் கியர் போடுவதும் ஒரே லீவரில், இடப்பக்கம். உள்ளே அழுத்தித் தூக்கினால் கிக்கர், இறக்கினால் கியர். ஜிகோவ் என்று அச்சு விழுந்த கார்ப்பரேட்டரும் இருக்கிறது.

மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961இல் வண்டி செய்யத் தொடங்கியது. 1973 முதல் பெயர் யெஸ்டி. 1996இல் மூடிவிட்டார்கள். 2018இல் ஜாவா என்ற பெயரில் மறுபடி வந்த வண்டி ஃபோர் ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிரும் எஞ்சின். அதற்கு இந்தச் சாமான் ஒரு வாஷர்கூடச் சேராது. விலை கேட்டு வருகிறவர் "இதெல்லாம் புதுசே கிடைக்குதும்மா" என்றால் எந்த ஜாவா என்று திருப்பிக் கேளுங்கள்.

இன்னொன்று. ஜாவா வண்டியில் எனக்குக் கொஞ்சம் பாசம் கூடுதல். திருவாரூர்த் தேருக்கு அப்பா என்னை டேங்கின் மேல் உட்கார வைத்து அழைத்துப் போனது அந்த வண்டியில். இரட்டை சைலன்சர் சத்தம் கமலாலயக் குளக்கரை முழுக்கக் கேட்டது. அதனால் ஜாவா சாமானுக்கு நான் சொல்லும் மதிப்பைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. ஆற்றங்கரைக்குப் போய்விட்டு வந்து சித்ரான்னம் சாப்பிட்டாயிற்று. இன்று சாமான் பேச்சு இல்லை.

6 ஆகஸ்ட்

சரி, விலை. இத்தனை நாள் தள்ளிப்போட்டதற்குக் காரணம் உண்டு. பெயர் தெரியாமல் விலை பேசினால் பேசுகிறவர்தான் விலை வைப்பார்.

பழசு என்பதால் மட்டும் விலை ஏறாது. நான் முதலில் பார்ப்பது, அந்தச் சாமான் இன்றும் யாராவது செய்கிறார்களா என்பது. புல்லட் 1956 முதல் சென்னை திருவொற்றியூரில் வந்த வண்டி, அடிப்படை வடிவம் அரை நூற்றாண்டு மாறவில்லை. அதனால் கிளட்ச் பிளேட்டு, வால்வு, ரிங் எல்லாம் புதிதாகவே கிடைக்கின்றன. உங்கள் பெட்டியில் இருக்கும் பழைய கிளட்ச் பிளேட்டுக்கு யாரும் ஓடி வர மாட்டார்கள். ஆனால் ஆல்பியன் என்று ஆங்கிலக் கம்பெனியின் பெயர் வார்ப்பில் தெரியும் பழைய கியர் பாக்ஸ் மூடியும், குதிகாலால் தட்டினால் நியூட்ரல் விழும் அந்தக் குட்டி லீவரும் வேறு கதை. ஆல்பியன் பெயரோடு இனி யாரும் வார்க்கப் போவதில்லை.

அடுத்து, பாதியா முழுசா. கிராங்க் கேஸின் (எஞ்சினின் அடிக்கூடு) இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துத்தான் துளை போடுவார்கள். ஒரு வண்டியின் இடப்பாதி இன்னொன்றின் வலப்பாதியோடு சரியாக உட்காராது. ஒரு பாதியை மட்டும் ஆசையாகக் கேட்டு வருகிறவரிடம் கொடுத்துவிட்டால் மற்றது அலுமினிய எடைதான். ராஜ்தூத் 350 பிஸ்டன் ஒன்று மட்டும் இருக்கிறதே, அதுவும் இப்படித்தான். அதன் ஜோடியைச் சாக்கில் தேடுங்கள்.

பேரலில் (சிலிண்டர்) காற்றில் குளிர்வதற்கான விசிறி மடிப்பு உடைந்திருந்தால் விலை இறங்கும். ஹெட்டில் பிளக் மரை தேய்ந்திருந்தால் இறங்கும். பெட்டி, லேபிள், உள்ளே மெழுகுக் காகிதம் மூன்றும் இருந்தால் ஏறும். "என்ஃபீல்டு இந்தியா லிமிடெட்" என்று அச்சிட்ட அட்டைப் பெட்டி ஒன்று உங்களிடம் இருக்கிறது. அந்தக் கம்பெனி 1994இல் ஐஷர் கைக்குப் போனது, ஆக அதற்கு முந்தையது. "லூகாஸ் டிவிஎஸ்" என்று இருந்தால் 1961க்குப் பிந்தையது, அந்தக் கம்பெனியே அப்போதுதான் தொடங்கியது.

இணையத்தில் போட்டிருக்கும் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். அது கேட்கிற விலை. எவ்வளவுக்குக் கைமாறியது என்பதுதான் விலை. பழைய வண்டி ஓட்டுகிறவர்களிடம் "நீங்கள் வாங்கியது எவ்வளவு" என்று கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்று முதல் நாளே பணத்தை நீட்டுகிறவர், பெட்டியில் ஏதோ ஒன்றைப் பார்த்துவிட்டார். அது எது என்று கண்டுபிடிக்கும் வரை மொத்தமாகக் கொடுக்காதீர்கள்.

13 ஆகஸ்ட்

அவசரமாக ஒன்று. எண் அடித்த கிராங்க் கேஸ் ஒன்று சாக்கில் இருந்தது என்றீர்கள். அதைத் தனியாக விற்க வேண்டாம். எஞ்சின் எண் உள்ள பாகம் ஒரு வண்டியின் அடையாளம், ஆர்.சி. புத்தகத்தில் ஏறியது. அப்பாவின் காகிதங்களில் அந்த எண்ணோடு ஆர்.சி. இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்த பிறகு பார்க்கலாம். எண்ணைத் தேய்த்து வேறு எண் அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அது குற்றம்.

20 ஆகஸ்ட்

முதல் நாள் "போடாதீர்கள்" என்று ஒரே அடியாக எழுதியதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு மிஞ்சிய சாமான் கொஞ்சம் வேதாரண்யத்தில் மாமா வீட்டுக் கொட்டகையில் இருந்தது. 2018 நவம்பர் 16 கஜா புயலில் கூரை பறந்து, மழையும் உப்புக்காற்றும் இறங்கியது. தென்னையையே காப்பாற்ற முடியாதபோது யார் பெட்டியைப் பார்ப்பது? நான்கு மாதம் கழித்துத் திறந்தபோது பேரிங்கெல்லாம் செங்கல் நிறக் கட்டி. அதையும் எறிய மனசில்லாமல் ஒரு வருஷம் வைத்திருந்தேன். பிரயோஜனம் இல்லை. துருப்பிடித்த பேரிங், தேய்ந்த செயின் ஸ்பிராக்கெட், முறிந்த ரிங், கிழிந்த கேஸ்கெட் இவற்றை எடைக்குத் தாராளமாகப் போடலாம். அண்ணன் சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது, நான் ஒத்துக்கொள்கிறேன். அப்பா கை பட்டது எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள வீடு கொள்ளாது.

வைத்துக்கொள்வதைத் துணியில் லேசாக எண்ணெய் தடவிச் சுற்றி, தரையில் வைக்காமல் பரண் மேல் வையுங்கள். ஐப்பசி வருகிறது.

27 ஆகஸ்ட்

அம்மா சொன்னதை நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். அப்பா பதிமூன்று வயதில் கும்பகோணத்தில் ஒரு மேஸ்திரியிடம் வேலைக்குச் சேர்ந்தார், அவருக்குக் கண் மங்கியபோது பெட்டியைத் தூக்கி அப்பாவிடம் கொடுத்துவிட்டார் என்று. அப்போது அணா ரசீது அவருடையது. விட்வொர்த் ஸ்பேனரும் அவருடையதாகத்தான் இருக்கும். ஸ்பேனரின் கைப்பிடியில் ஒரு எழுத்து பொளிந்திருக்கிறதா பாருங்கள். அந்தக் காலத்து மேஸ்திரிகள் தன் பெயரின் முதல் எழுத்தைப் பொளிந்து வைப்பார்கள், பையன்கள் மாற்றி எடுத்துவிடாமல் இருக்க.

2 செப்டம்பர்

இன்று பாபநாசம் போய் வந்தேன். ஸ்பேனர் ஆறிலும் "கோ" என்று பொளிந்திருக்கிறது.

திருப்பூரிலிருந்து அண்ணனும் வந்திருந்தார். அவரே முதல் பெட்டியின் அடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். பிரித்தால் லூகாஸ் டைனமோ. உடலில் 5 53 என்று அச்சு, 1953 மே மாதம் செய்தது. மேக்டைனோவின் மேல்பாதி மட்டும், மேக்னெட் இல்லை. சித்தப்பாவின் சாக்கு நினைவு வந்து கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. அண்ணன் "இதை எடைக்குப் போட மாட்டேன்" என்றார், நான் ஒன்றும் கேட்காமலே.

ஸ்பேனரும் டைனமோவும் வீட்டில் இருக்கட்டும் என்று முடிவு. ஜாவா சாமானைத் தஞ்சாவூரில் வண்டி ஓட்டுகிற ஒருவருக்கு, சாமான் சாமானாக, பெயர் எழுதிக் கொடுக்கப் போகிறார்கள். கிர்லோஸ்கர் பிஸ்டனை எதிர்வீட்டுக்காரர் ஏற்கெனவே வாங்கிப் போய்விட்டார்.

டைனமோவின் அச்சை விரலால் மெல்லச் சுற்றிப் பார்த்தேன். சுற்றியது. அதே துணியில் திரும்பச் சுற்றி வைத்துவிட்டு வந்தேன். சாக்கில் இன்னும் பாதி பார்க்கவில்லை, அடுத்த ஞாயிறு வெர்னியரோடு வருகிறேன்.